விளக்கை அணைக்கச் சொன்னவள்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் வராததுமாக, தோள்பையைக்கூடக் கீழே வைக்காமல், "அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்களேன்" என்பாள். மழைச்சாரல் உள்ளே அடித்தாலும் சரி, தெருப்புழுதி வெள்ளைத் துணியில் படிந்தாலும் சரி, அவளுடைய மெஷின் இருக்கும் அறைக் கதவு திறந்தே கிடக்க வேண்டும். முதலாளி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார். "ஊர்ல இருக்கிற ஜன்னலை எல்லாம் மூடுறதுக்குத் துணி தைக்கிறே. உன் வீட்டு ஜன்னலுக்கு ஒரு முழத் துணியாவது மாட்டியிருக்கியா?" இல்லை என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆனால் சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. சின்ன வயதில் மாமா வீட்டில் கண்ணாமூச்சி ஆடியபோது போர்வைகள் அடுக்கும் பெரிய அலமாரிக்குள் போய் ஒளிந்தாள். கதவு வெளியே இறுகிக்கொண்டது. தேடியவர்கள் தேடி அலுத்துப்போய், வேறு ஆட்டம் ஆட வெளியே ஓடிவிட்டார்கள். அவள் கத்திய கத்தலைப் போர்வைகள் விழுங்கிவிட்டன. ஏதோ ஒரு விருந்தாளிக்குப் போர்வை எடுக்க அத்தை வந்து திறந்தபோது, அவள் கண் திறந்தபடியே விறைத்துக் கிடந்தாளாம். அன்றிலிருந்து மூடிய இடம் என்றால் அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். லிஃப்டில் ஏறமாட்டாள். குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடமாட்டாள், வாளியை வைத்துக் கதவை முட்டுக்கொடுப்பாள். கல்யாணமான புதிதில் புருஷன் இதைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு சந்தோஷப்பட்ட கதையை அவன் தங்கையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த நாத்தனார்தான் ரயில் ஓட்டப் போனாள்.

ஊரிலிருந்து குகை மலைவரைக்கும் புதிதாக ஒரு ரயில்பாதை போட்டார்கள். குகையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அதுவரை அவர்களுக்கு இருந்த ஒரே வழி பஸ். அந்த பஸ்ஸைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன். ஒரே வீட்டில் அண்ணன் பஸ், தங்கை ரயில். பாதை திறந்த வாரமே அவன் பஸ்ஸில் பாதி சீட் காலியானது.

"உன் தங்கச்சி ஓட்டுற ரயிலை ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமே" என்றாள் அவள், பேச்சுக்கு.

"நானா?" என்றான். "என் ஜனத்தைப் பூரா அள்ளிட்டுப் போயிட்டா. நான் காத்தை ஏத்திக்கிட்டு மலைக்குப் போயி, காத்தை இறக்கிவிட்டுட்டு வரேன். உசிரு இருக்கிற வரைக்கும் அந்த டப்பாவுல கால் வைக்கமாட்டேன்."

அவன் வைக்கமாட்டான், சரி. அவன் அப்பாவை என்ன செய்வது? மாமனாருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்த காலம் அது. சாப்பிட்டதை மறப்பார், சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொள்வார். சினிமா தியேட்டர் கேபினில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டரை இடித்துச் சோபா கட்டில் விற்கும் கடையாக்கி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் சில நாள் சாயங்காலத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். இத்தனையும் மறந்தவருக்கு, மகள் ரயில் ஓட்டுகிறாள் என்பது மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் மருமகளிடம் வந்து நிற்பார்.

"நம்ம பொண்ணு ஓட்டுற ரயிலை நான் எப்பம்மா பார்க்கிறது?"

"பார்க்கலாம் மாமா."

"செத்தப்புறமா?"

அப்படிக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? கடை விடுமுறை நாளில் போவதென்று முடிவானது. புருஷனுக்கு அன்று டூட்டி. அவளும் மாமனாரும் மட்டும். ரயிலில் போவது, இறங்காமல் அதே ரயிலில் திரும்பி வந்துவிடுவது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள். குகைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதாக இல்லை.

ஸ்டேஷனில் எல்லாமே புதுப் பெயின்ட் வாசனையாக இருந்தது. நாத்தனார் சீருடையில், முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, முன்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. "முதல் பெட்டியிலயே உக்காருங்க அண்ணி. எனக்குப் பின்னாடிதான் இருப்பீங்க. பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போனாள்.

பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் அவளுக்குப் பயம் வரும். உட்கார்ந்ததும் ஜன்னலைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி அப்படியே பெட்டியோடு ஒட்டியிருந்தது, திறப்பதற்குப் பிடி இல்லை. மணி போல ஏதோ ஒலித்து, கதவுகள் தாமாக நகர்ந்து மூடிக்கொண்டன. எதிரே இருந்தவர்கள் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டும் பிஸ்கட் தின்றுகொண்டும் கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் போனார்கள். அவள் மட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மலை நெருங்கியதும் சுரங்கப்பாதை வந்தது. அப்படி ஒன்று இருக்கிறதென்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வெளிச்சம் பட்டென்று போய், கண்ணாடியில் அவள் முகமே அவளைப் பார்த்தது. மாமனார் கையை இறுகப் பிடித்தாள், பிடித்த வேகத்தில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, கை இப்படி சில்லுனு இருக்கு?"

"ஒண்ணுமில்லை மாமா."

"பொண்ணு நல்லா ஓட்டுறா, இல்ல? ஆட்டமே இல்லாம போகுது" என்றார் பெருமையாக.

சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்தபோது அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

கடைசி ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்திருந்த அவளிடம் நாத்தனாரே வந்தாள். "இந்த வண்டியை இப்ப காலியா ஊர் ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போகணும் அண்ணி, உள்ள யாரும் இருக்கக்கூடாது. அங்க இருந்து ஜனத்தை ஏத்திக்கிட்டுத் திரும்பி வரேன், அப்ப ஏறிக்கலாம். அதுக்குள்ள குகையைப் பார்த்துட்டு வாங்க. ஸ்டாஃப் வீட்டு ஆளுங்களுக்குப் பாஸ் உண்டு. உள்ள ஜில்லுனு இருக்கும்."

"நாங்க இங்கயே பெஞ்சுல உக்காந்திருக்கோமே."

ஆனால் மாமனார் அதற்குள் எழுந்து போய்விட்டிருந்தார். வெளியே குகைக்கு நின்ற வரிசையைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு உற்சாகம். அவள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்வதற்குள் வரிசையின் நடுவில் போய் நின்றுகொண்டு, "ஹவுஸ்ஃபுல் ஆகிடும்போல" என்றார் பக்கத்திலிருந்தவரிடம். அவரை இழுத்துக்கொண்டு போனால் சத்தம் போடுவார், நாலு பேர் பார்ப்பார்கள். வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

வாசல் பெரியதாகத்தான் இருந்தது. உள்ளே போகப் போகக் கூரை தணிந்தது. சிமென்ட் நடைபாதை, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. மேலிருந்து கல் விழுதுகள் ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கின. வௌவால் நாற்றம் மூக்கில் ஏறியது. குழுவை அழைத்துப் போனவள் ஒரு சின்னப் பெண், கையில் டார்ச், கழுத்தில் விசில். இந்தக் கல்லைப் பாருங்கள் யானை மாதிரி இருக்கிறது, அந்தக் கல்லைப் பாருங்கள் சிங்கம் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். இவள் யானையையும் பார்க்கவில்லை, சிங்கத்தையும் பார்க்கவில்லை. பின்னால் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம், வாசல் வெளிச்சம் இன்னும் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு வளைவுக்கு அப்புறம் அது தெரியவில்லை.

கடைசியில் ஒரு பெரிய கூடம். கலர் விளக்குகளில் பாறைகள் மஞ்சளும் நீலமுமாக நின்றன. கம்பிக்கு அந்தப் பக்கம் கறுத்த தண்ணீர். "இதோட அடி எங்க இருக்குனு இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை" என்றாள் வழிகாட்டிப் பெண். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்ப விளக்கை எல்லாம் அணைக்கப் போறேன். பூமிக்கு அடியில இருட்டு எப்படி இருக்கும்னு நீங்களே பாருங்க. பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்கங்க. யாரும் நகரக்கூடாது" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல இவள் வாயைத் திறந்தாள். இத்தனை பேர் ஆசையாக நிற்கும்போது ஒருத்திக்காக நிறுத்துவார்களா என்ற வெட்கத்தில் மூடிக்கொண்டாள். விளக்கு அணைந்தது.

அது இருட்டே இல்லை. இருட்டென்றால் எங்கேயாவது ஒரு கசிவு இருக்கும். இது அலமாரிதான். போர்வைகளின் வாசனைகூட வந்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அப்படியே குனிந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். எங்கோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். எங்கோ தண்ணீர் சொட்டியது. எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியாது.

வெளிச்சம் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அவள் கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தாள். மாமனார் இல்லை.

கூட்டத்துக்குள் இருப்பார் என்று முதலில் நினைத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். வந்த பாதையில் ஓடினாள், திரும்பி வந்தாள். "மாமா" என்று கூப்பிட்டாள். குகை அதை வாங்கி மூன்று பக்கமிருந்தும் திருப்பிச் சொன்னது. வழிகாட்டிப் பெண்ணுக்கு விஷயம் புரிந்ததும் அவள் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. விசிலை ஊதினாள். குழுவை வேறொரு வழியாக வெளியே அனுப்பினார்கள். காவலாளிகள் இரண்டு பேர் டார்ச்சோடு ஓடிவந்தார்கள்.

"வயசானவரா? தனியா நடப்பாரா? காது கேக்குமா?"

"எல்லாம் கேக்கும். ஆனா ஞாபகம்..."

வாசலில் இருந்தவர்கள் யாரும் அப்படி ஒருவர் வெளியே வரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஆபீஸிலிருந்து வீட்டுக்காரருக்குச் சொல்கிறோம், நம்பர் சொல்லுங்கள் என்றார்கள். தினமும் கூப்பிடுகிற நம்பர், ஒரு எண்கூட நினைவுக்கு வரவில்லை. கைப்பையிலிருந்த ஃபோனை அவர்களே எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் மூத்த காவலாளி கம்பியைத் தாண்டி இறங்கி, ஒரு நீளக் கழியைக் கறுத்த தண்ணீருக்குள் விட்டுத் துழாவ ஆரம்பித்தான். மெதுவாக, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு. கழியின் நுனி எதிலாவது படும்போதெல்லாம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். படுவது கல்லாக இருந்தது.

அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷனிடம் என்ன சொல்வது? ரயிலை ஓட்டிக்கொண்டு இப்போது சந்தோஷமாக வந்துகொண்டிருப்பாளே, அவளிடம் என்ன சொல்வது? கையைப் பிடித்துக்கொள்ளத்தான் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகூடச் செய்யும் அதை. எழுந்து இந்தப் பொந்தை விட்டு வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவும் முடியவில்லை.

விளக்கு அணைந்ததும் எல்லாரும் அசையாமல் நின்றிருக்கிறார்கள். அவர் மட்டும் நகர்ந்திருக்கிறார். ஏன் நகர்ந்தார்? இருட்டு அவருக்குப் பயமில்லை. வாழ்நாள் பூராவும் இருட்டில் கேபின் படியேறி இறங்கினவர். விளக்கை அணைத்தால் படம் போட வேண்டும், அது அவர் வேலை. அப்படியென்றால் எங்கே போவார்? எதைப் பார்த்துப் போயிருப்பார்?

இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதியல்ல, இன்னும் பெரிய பயம். ஏனென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"விளக்கை அணைங்க" என்றாள்.

வழிகாட்டிப் பெண் அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டதென்று நினைத்தாள். "இருக்கிற வெளிச்சம் பத்தலைனு நாங்களே டார்ச் அடிச்சுத் தேடிட்டு இருக்கோம்மா."

"அவர் கண்ணைத் திறந்துட்டு இருந்திருப்பார். நான் பொத்திக்கிட்டேன். அவர் என்ன பார்த்தாருனு நான் பார்க்கணும். உங்க டார்ச்சையும் சேர்த்து அணைங்க."

"பயந்துக்குவீங்கம்மா."

"பயந்துக்குவேன். நீங்க அணைங்க. என்னை மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க."

அந்தப் பெண் அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து விளக்குகளை அணைத்தாள். மறுபடியும் அலமாரி வந்து மூடிக்கொண்டது. அவளுக்குப் பல் கிட்டியது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி உடம்பு முழுக்கக் கெஞ்சியது. விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். இருட்டு, இருட்டு. இடது பக்கம், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ஒரு சிவப்புப் பொட்டு.

"அதோ, அது என்ன?"

"மேல லைட்டுக்கு ஒரு போர்டு இருக்கு, அதோட இண்டிகேட்டர்" என்றாள் பெண். "ஆனா அங்க போற வழியைப் பூட்டித்தான் வெச்சிருப்போம்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. காலையில் எலக்ட்ரீஷியன் வந்துவிட்டுப் போயிருந்தான்.

விளக்கைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். பெரிய கல் தூணுக்குப் பின்னால் கம்பிக்கதவு, ஒருக்களித்து நின்றது. உள்ளே பாறை வெடிப்பு, அதற்குள் செங்குத்தாக இரும்புப் படிகள். மூத்த காவலாளி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஏறினான். மேலே ஏதோ பேச்சுக்குரல் கேட்டது, பிறகு அதட்டல். அவன் இறங்கி வந்தபோது அவனுக்கே வேர்த்திருந்தது.

"இருக்காரும்மா. நல்லாத்தான் இருக்கார். ஆனா கேபினுக்குள்ள வெளியாள் வரக்கூடாதுனு சத்தம் போடுறார். நான் கிட்டப் போனா அவர் பின்னாடி பின்னாடி போறார். அந்தப் பக்கம் தடுப்பே கிடையாது, நேரா தண்ணிக்குத்தான். டார்ச் அடிச்சா இன்னும் கோவம் வருது. நீங்க போய்க் கூப்பிட்டா வருவார்."

அவள் அந்த வெடிப்பைப் பார்த்தாள். ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழைய முடியும். உள்ளே ஈரக் கல் பளபளத்தது. என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது மேலேயிருந்து மாமனாரின் இருமல் கேட்டது, தினமும் காலையில் காபி டம்ளரை வாங்கும்போது இருமுகிற அதே இருமல். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தாள்.

மார்பில் ஒரு பக்கம் கல், முதுகில் ஒரு பக்கம் கல். மூச்சை இழுத்தால் பாறை கிட்டே வந்தது. படியின் துரு உள்ளங்கையில் ஒட்டியது. ஒரு இடத்தில் புடவை எதிலோ மாட்டிக்கொண்டு இழுத்தது, யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று அவளுக்குக் கண் இருண்டது. அதைக் கிழித்துக்கொண்டு ஏறினாள். வாய்க்குள் என்னவெல்லாமோ முணுமுணுத்தாள், பெரும்பாலும் திட்டு. ரயில் போட்டவர்களை, குகையைக் கண்டுபிடித்தவர்களை, பாஸ் கொடுத்த நாத்தனாரை, தன்னை.

மேலே ஒரு பாறைத் திட்டு. போர்டின் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார் மாமனார். அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் தரை முடிந்துபோயிருந்தது.

"மாமா" என்றாள் மெதுவாக. "இடைவேளை விட்டாச்சு. டீ குடிக்க வாங்க."

"யாரை ஏமாத்துறே?" என்றார். "இன்னும் பாதி ரீல் ஓடலை. அதுக்குள்ள என்ன இடைவேளை? போ, போ." எழுந்து நின்றார். குதிகால் விளிம்பை ஒட்டி நின்றது. சின்னக் கல் ஒன்று உருண்டு விழுந்தது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் வர நேரமானது.

அவளுக்கு இனிமேல் பொய் ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே மண்டியிட்டாள், நிற்க முடியாததால்.

"எனக்குப் பயமா இருக்கு மாமா" என்றாள். சொன்னதும் அழுகை வந்தது. "நான் இருட்டுல மாட்டிக்கிட்டேன். இறங்கத் தெரியலை. என்னைக் கீழ கூட்டிட்டுப் போறீங்களா?"

அவர் உச்சுக்கொட்டினார். "வீட்டுப் பொம்பளைங்க இங்கல்லாம் ஏறி வரலாமா? யார் விட்டது?" என்றபடி விளிம்பைவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்தபோது வலித்திருக்க வேண்டும், "உடைச்சிடாதே" என்றார்.

இறங்கும்போது அவர் முன்னால், அவள் பின்னால். "முதல் படி உயரம், பார்த்து. அடுத்தது வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார், தினமும் ஏறி இறங்குகிற படி மாதிரி. வெடிப்பின் மிகக் குறுகலான இடத்தில் நின்றுவிட்டார். அவள் அவருக்கு மேலே, முன்னாலும் பின்னாலும் கல்லுக்கு நடுவே, இறங்கவும் வழியில்லாமல் ஏறவும் வழியில்லாமல் சிக்கிக்கொண்டாள்.

"இது எந்த இடம்?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. இப்போது அவருக்கும் பயம் வந்துவிட்டது. "இங்க ஏன் வந்தோம்? நீ யாரு?"

அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கல் இறுக்குவதுபோல, இன்னும் கொஞ்சத்தில் எலும்பு நொறுங்கிவிடும்போல இருந்தது. கத்தினால் அவரும் கத்துவார், இருவரும் விழுவார்கள். கீழே காவலாளி அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட வந்தவ" என்றாள். வேறு எதுவும் வரவில்லை.

"கூட வந்தவளா?"

"ஆமா. உங்க கூடத்தான் வந்தேன். உங்க கூடத்தான் போகணும்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "சரி, அப்ப வா" என்று அடுத்த படியில் காலை வைத்தார்.

கீழே வந்ததும் வழிகாட்டிப் பெண் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். வெளியே எப்படி வந்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. வெயில் கண்ணைக் குத்தியது மட்டும் நினைவிருக்கிறது. யாரோ பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். மாமனார் தன்னுடையதைக் குடித்துவிட்டு அவளுடையதையும் குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் பக்கமிருந்து டிரைவர் சீருடையோடு ஒருவன் ஓடிவந்தான். அவள் புருஷன்தான். சேதி போனதும் பஸ்ஸை டிப்போவில் போட்டுவிட்டு, அடுத்து எது கிளம்புகிறதோ அதில் ஏறிவிட்டான். அது தங்கையின் ரயில். ஏறிய பிறகுதான் அது ரயில் என்றே தனக்கு உறைத்தது என்று பிற்பாடு சொன்னான். அவனுக்குப் பின்னால் தங்கையும் பேயறைந்தவள் மாதிரி வந்துகொண்டிருந்தாள்.

அப்பாவின் தலை, தோள், கை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ எதுலடா வந்தே? உன் பஸ் எங்கே?" என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "கையை விட்டது நான்தான்" என்றாள். "பிடிச்சுக்கச் சொன்னாங்க. நான் என் முகத்தைப் பொத்திக்கிட்டேன்."

அவன் அவளுடைய கிழிந்த புடவையையும், துருவும் ரத்தமுமாக இருந்த உள்ளங்கையையும் பார்த்தான். அவள் லிஃப்டுக்குப் பயந்து மாமா வீட்டுக் கல்யாணத்தில் அத்தனை மாடியும் நடந்தே ஏறியவள் என்பது அவனுக்குத் தெரியும்.

"போன மாசம் இவரை பஸ்ஸுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு நான் டீ குடிக்கப் போயிட்டேன்" என்றான். "மறந்தே போச்சு. டிப்போல ஒருத்தன் பார்த்துச் சொன்னான். உன்கிட்ட சொல்லலை."

அதைக் கேட்டு நாத்தனார்தான் முதலில் அழுதாள். அழுதுகொண்டே, "பாஸ் கொடுத்தது நான்" என்றாள். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதை மாமனார் பார்த்தார். "யாரு செத்தாங்க?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போதும் அதே ரயில், அதே சுரங்கம். பயம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் போகவில்லை. சுரங்கம் வருவதற்கு முன்பே அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷன் பேசிக்கொண்டே வந்தான், கதவு சரியில்லை, சீட்டில் பஞ்சு இல்லை, பிரேக் போடும்போது குலுக்குகிறது, என் பஸ் இதைவிட மேல் என்று. இருட்டுக்குள்ளும் அவன் நிறுத்தவில்லை. மாமனார் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார்.

மறுநாள் கடையில் அவளுக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பக்கத்து மெஷின்காரி ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். சற்றுப் பொறுத்து, "குகை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவள் துணியை மெஷினுக்கடியில் நகர்த்தினாள்.

"ஈரமா இருந்துச்சு" என்றாள்.